இருபத்தைந்து பவுண்டு குறைவு

எஞ்சினைப் பிரித்தது வெர்லின், பூட்டியது நான். எங்கள் நாற்பத்தொரு வருடக் கல்யாணத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பிரிப்பதற்கு உற்சாகம் போதும். பூட்டுவதற்கு முதுகு வேண்டும். என் முதுகுக்கு அறுபத்து நான்கு வயது.

நவம்பரில், சோளம் அறுத்து முடித்த கையோடு, எங்கள் 1947ஆம் வருட ஃபார்மால் டிராக்டரை ஷெட்டுக்குள் தள்ளி எஞ்சின் மூடியைக் கழற்றினான். அந்த ஆகஸ்டில் எங்கள் மாவட்டச் சந்தையில், டிராக்டருக்குப் பின்னால் பளுவண்டியைக் கோத்து முந்நூறு அடி இழுக்கிற போட்டியில், பன்னிரண்டு அடி மிச்சமிருக்கும்போது வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அந்தப் பன்னிரண்டு அடி அவனை மூன்று மாதம் தூங்கவிடவில்லை. முந்நூறு அடி முழுசாக இழுத்தவன் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வார்கள், பிளாஸ்டிக்கில் ஒரு கோப்பை தருவார்கள். அதற்காக நான்கு பிஸ்டனும் எட்டு வால்வும் ஒரு கிராங்க் ஷாஃப்டும் என் பழைய படுக்கை விரிப்பின் மேல் குளிர்காலம் முழுக்கப் படுத்துக் கிடந்தன.

நான் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவள். ஓய்வு பெற்ற அன்று இனி ஸ்பானரைத் தொடுவதில்லை என்று சபதம் செய்தேன். அந்தச் சபதம் பத்து மாதம் தாங்கியது. மார்ச்சில் வெர்லின் வயிற்றில் கட்டி இருக்கிறது என்று தெரிந்தது.

டாக்டர் உடனே அறுக்க வேண்டும் என்றார். வெர்லின் ஆகஸ்ட் சந்தை முடியட்டும் என்றான். மாட்டுச் சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி இருவரும் பேசினார்கள். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் டாக்டர் ஒரு நிபந்தனை போட்டார்.

"மெதுவா வளர்ற ஜாதி இது. மாத்திரை தர்றேன். மூணு வாரத்துக்கு ஒரு தடவை வந்து எடை காட்டணும். இப்ப நூத்தித் தொண்ணூத்தெட்டு பவுண்டு இருக்கீங்க. இந்த எடை நின்னா ஆகஸ்ட் வரைக்கும் பொறுத்துக்கலாம். பத்து பவுண்டு இறங்கிச்சுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி. பேச்சே கிடையாது."

"சரி. கை குடுங்க" என்றான் வெர்லின். டாக்டர் கை கொடுத்தார்.

முந்தின கோடையில் அவன் இருநூற்றுப் பதினான்கு பவுண்டு. அதற்குள்ளேயே பதினாறு போயிருந்தது. ஆனால் அதன் பிறகு எடை நின்றது. ஏப்ரலில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அடுத்த முறை நூற்றுத் தொண்ணூற்றேழு. மறுபடி எட்டு. ஒவ்வொரு முறை அந்த எண்ணைக் கேட்கும்போதும் என் தோள்பட்டை இரண்டு அங்குலம் கீழே இறங்கும். மூன்று வாரத்துக்கு விடுமுறை கிடைத்த மாதிரி இருக்கும்.

ஒவ்வொரு முறையும் கிளினிக்குக்கு முன்னால் பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொல்வான். எங்கள் பிக்கப்பின் இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போவான். மாத்திரை வயிற்றைக் கலக்குகிறது, பையில் மாற்றுத் துணி என்றான். அதற்கு மேல் ஒரு பெண்டாட்டி என்ன கேட்பாள்? திரும்பி வரும்போது மெல்ல, அகலமாகக் கால் வைத்து நடந்து வருவான். எனக்குப் பாவமாக இருக்கும்.

மே மாதம் ஒருநாள் அவன் தராசில் ஏறும்போது நர்ஸ் தலையைத் தூக்கினாள்.

"ஏதோ கிணிகிணின்னு சத்தம் கேக்குதே?"

"முட்டிம்மா. அறுபத்தாறு வயசு முட்டி. கிரீஸ் அடிக்கத்தான் ஆள் இல்ல."

நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஷெட்டில் வேலை நடந்தது. சிலிண்டர் உறைகளை இழுத்து எடுத்து, அகலமானதாகப் புதுசு போட்டேன். கிராங்க் ஷாஃப்டைக் கடைசலுக்குக் கொடுத்தால் ஒரு வாரம் என்று சொல்லி ஐந்து வாரம் இழுத்தடித்தார்கள். இரும்பு பிஸ்டனுக்குப் பதிலாக அலுமினியம். வால்வு உட்காரும் இடங்களைக் கையால் தேய்த்து, நீல மை தடவிப் பார்த்து, மறுபடி தேய்த்து, மணிக்கட்டு வீங்கிப் போயிற்று. வெர்லின் ஸ்டூலில் உட்கார்ந்து போல்ட்டுகளைத் துடைப்பான். நான் ஏதாவது தூக்கினால் எழுந்து வருவான். "உக்காரு" என்பேன். உட்கார்ந்துவிடுவான். மறுபேச்சு இல்லாமல் உட்கார்ந்ததே எனக்குச் சந்தேகம் தந்திருக்க வேண்டும்.

கழற்றிய பழைய உள்சாமான்களை ஒரு பெயிண்ட் வாளியில் போட்டு வைத்திருந்தேன், இரும்புக்கடைக்கு. ஜூனில் பார்த்தால் பிஸ்டனைத் தண்டோடு சேர்க்கிற பின் நான்கையும் காணோம். பழைய வால்வுகள் எட்டையும் காணோம். பக்கத்துப் பண்ணைக் கேலன் அன்று வந்திருந்தான். அவன் இரவல் வாங்குவதில் பேர் போனவன்.

"கேலன், என் வாளியில கை வெச்சியா?"

"ஏன், உள்ள தங்கமா இருக்கு?"

"பின்னு, வால்வு. மொத்தமும் போச்சு."

"இந்தா லவோன். உங்கிட்ட வாங்கித் திருப்பித் தராதது ஒரு ஏணி, ஒரு பம்பு, அப்புறம் அந்த கேக் தட்டு. மூணுதான். நாலாவதை என் தலையில கட்டாத."

"தட்டை ஒத்துக்கிட்டியே, அதுவே பெருசு."

ஸ்டூலில் இருந்த வெர்லின் தலையைத் தூக்காமல் சொன்னான். "விடு லவோன். எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"ஒரு பவுண்டு இரும்பை இழுக்கிற எலின்னா, எஞ்சின் எதுக்கு? அதையே பூட்டிடலாம்."

கேலன் வயிறு குலுங்கச் சிரித்தான். வெர்லினும் சிரித்தான். கொஞ்சம் தாமதமாக.

வீட்டில் எங்கள் நாய் பெருத்துக்கொண்டே போனது. சாப்பாட்டு நேரத்தில் அவன் காலடியை விட்டு நகராது. நாய்க்குத் தீனியைக் குறைத்தேன். அப்போதும் பெருத்தது. அவன் பெல்ட்டில் புது ஓட்டைகள் இரண்டு இருந்தன, என் துளைபோடும் கருவியால் போட்டவை. அதையும் பார்த்தேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என் கண் முன்னால் நடந்தது. ஆனால் கிளினிக் தராசு நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்றது. கண்ணை நம்பினால் அழ வேண்டும், அன்றே கிளம்ப வேண்டும், ஓட வேண்டும். எண்ணை நம்பினால் போய்ப் படுக்கலாம். நான் எண்ணை நம்பினேன். அவ்வளவு களைப்பாக இருந்தேன்.

ஜூலை நடுவில் எஞ்சின் பூட்டி முடிந்தது. எண்ணெய் பம்புக்குள் வாஸ்லினை அடைத்து, ஸ்பார்க் பிளக் இல்லாமல் கையால் சுற்றி, எண்ணெய் மேலே ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் சாவியில் கை வைக்கவிட்டேன். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. என்ன சீரான ஓட்டம். மட்கார்டின் மேல் காப்பிக் கோப்பையை வைத்தால் ததும்பவில்லை. வெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"புகை" என்றான்.

புகையே இல்லை. அதுதான் அந்த எஞ்சினின் பெருமையே.

எங்கள் போட்டியில் டிராக்டரையும் ஓட்டுபவனையும் சேர்த்துத்தான் எடை போடுவார்கள். எங்கள் வகுப்புக்கு உச்சம் ஐயாயிரத்து ஐந்நூறு பவுண்டு. ஒரு கோடு தாண்டினால் வெளியே. குறைந்தால் தப்பில்லை, ஆனால் குறைகிற ஒவ்வொரு பவுண்டுக்கும் சக்கரத்தின் பிடி குறையும். அதனால் எல்லோரும் முன்னும் பின்னும் இரும்புக் கட்டைகளை மாட்டி உச்சத்தை ஒட்டி நிற்கப் பார்ப்பார்கள். வழக்கமாகச் சந்தையில் தராசில் ஏற்றி, பார்த்து, மாட்டி, மறுபடி ஏற்றுவோம். இந்த வருடம் அந்த அலைச்சலுக்கு எனக்குத் தெம்பு இல்லை. சமையலறைக் காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். போன வருடம் ஐயாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றாறு. அலுமினிய பிஸ்டனால் ஐந்து குறைவு. வெர்லினால் பதினாறு குறைவு. பதினைந்து பவுண்டுக் கட்டை ஒன்றைக் கூடுதலாக மாட்டினேன். தொண்ணூறு வரவேண்டும். அவனிடம் சொல்லவில்லை. சொல்லிப் பாராட்டு வாங்குகிற வயசா?

சனிக்கிழமை மதியம், வெயில் மண்டையைப் பிளந்தது. தராசு ஆர்வில் கையில். எண்பது வயது மனிதர், போட்டியில் யாருக்கும் அண்ணன் இல்லை, தம்பி இல்லை. எண் நின்றதும் உரக்கக் கூவுவார், பிறகு வெள்ளை ஷூ பாலிஷால் மட்கார்டில் எழுதுவார். எழுதிவிட்டால் அது கல்வெட்டு.

வெர்லின் மேடைமேல் ஏற்றி எஞ்சினை அணைத்தான்.

"ஐயாயிரத்து நானூத்தி அறுபத்தஞ்சு" என்று கூவினார் ஆர்வில்.

"தொண்ணூறு" என்றேன் நான்.

"அறுபத்தஞ்சு."

"ஆர்வில், உங்க தராசுல இன்னைக்கு என்னமோ கோளாறு."

அவர் முகம் சிவந்தது. "இப்பத்தான் கேலன் வண்டியை ஏத்தினேன். போன வருஷம் என்னவோ அதேதான். என் தராசு மேல பழி போடறதுக்கு முன்னாடி உன் கட்டைய எண்ணும்மா."

எண்ணினேன். பன்னிரண்டு கட்டையும் இருந்தன. பெட்ரோல் டேங்க் நிரம்பியிருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் விளிம்பு வரை இருந்தது. வெர்லின் அவசரமாகச் சொன்னான். "அதனால என்ன? ஒரு இருபத்தஞ்சு மாட்டிக்கிட்டா தீந்துது."

"மாட்டலாம். எங்க குறையுதுன்னு தெரிய வேணாமா?"

கேலன் என் பக்கத்தில் வந்து நின்றான். "வண்டியில எல்லாம் சரியா இருக்கு. அப்ப வேற என்னதான் குறையு..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். வெர்லின் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்து போகும்.

பிக்கப்புக்கு நடந்தேன். கூடுதல் கட்டை எடுக்கத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கை நேராக இருக்கைக்குப் பின்னால் போனது. துணிப்பை. தூக்கினால் வரவில்லை, இரண்டு கையும் வேண்டியிருந்தது. உள்ளே இடுப்பில் இரண்டு சுற்று வருகிற அளவுக்கு ஒரு சங்கிலி. பூட்ஸ் அளவுக்கு வெட்டிய ஈயத் தகடுகள். ஒரு பழைய காலுறைக்குள் நான்கு பின், எட்டு வால்வு. மாற்றுத் துணி ஒன்றும் இல்லை.

தூக்கிக்கொண்டு வந்து, அவன் டிராக்டர் மேல் உட்கார்ந்திருக்கும்போதே, மேடையில் முன்சக்கரத்தின் பக்கம் வைத்தேன். முள் ஆடி நின்றது. தொண்ணூறு. என் கணக்கு சரியாக இருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கணக்குத் தப்பாக இருக்கக் கூடாதா என்று தோன்றியது.

ஆர்வில் அந்த எண்ணைக் கூவவில்லை. அவர் கூவாமல் விட்ட எண் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"ஏப்ரல்லேர்ந்து. அப்ப ஆறு பவுண்டுதான். சங்கிலி அப்புறம்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்க. நான் பக்கத்துல உக்காந்து சிரிச்சிருக்கேன். முட்டி சத்தமாம்."

அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"டாக்டரை ஏமாத்துன. என்னை ஏமாத்துன. அந்தச் சங்கிலிய இங்கயும் கட்டிக்கிட்டு வந்திருக்கலாமே. எனக்குத் தெரியாமயே போயிருக்கும்."

அவன் உண்மையாகவே அதிர்ந்து போனான். தேவாலயத்துக் காணிக்கைத் தட்டில் கை வைக்கச் சொன்னது போல என்னைப் பார்த்தான்.

"ஆர்வில் தராசுலயா? ஓட்டறவன் மேல எதையும் கட்டிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கே, லவோன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, அவன் தலையில் அந்தப் பையாலேயே ஒன்று போட வேண்டும் என்றும் வந்தது. இப்படி ஒரு யோக்கியனை எங்கே கொண்டுபோய் வைப்பது? தன் உயிர் தொங்குகிற தராசில் பொய் சொல்லலாம், பிளாஸ்டிக் கோப்பை தொங்குகிற தராசில் சொல்லக் கூடாது.

"இரும்பு மாட்டிட்டா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்" என்றான் மெதுவாக. "நீ வீட்டுலயே கணக்குப் போட்டு வெச்சிருப்பேன்னு தெரியாது."

"எறங்கு. டாக்டருக்கு போன் பண்ணப் போறேன்."

"இன்னைக்கு சனிக்கிழமை."

அது உண்மை. சனிக்கிழமை என்றால் திங்கள்தான். இவ்வளவு ஆனதற்கு அப்புறமும் அவன் சொல்வது சரியாக இருந்தது, அதுதான் எனக்கு ஆத்திரம். நான் தராசு மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"போ" என்றேன். "ஒரு இழுவை. அப்புறம் நான் சொல்றதைக் கேக்கணும்."

கேலன் எங்கிருந்தோ இரண்டு கட்டைகளைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "இந்தாடா, இருபத்தஞ்சு. மாட்டிக்கோ. திருப்பித் தர வேணாம்."

வெர்லின் தலையை ஆட்டினான். "வேணாம்டா. அஞ்சு மாசமா மாட்டி மாட்டி அலுத்துப்போச்சு. இருக்கிறதோட போறேன்."

ஆர்வில் மட்கார்டில் அறுபத்தைந்து என்று எழுதினார். அந்த ஐந்தை எழுதும்போது அவர் கை கொஞ்சம் நின்றது.

பளுவண்டியைப் பின்னால் கோத்தார்கள். முன்னே போகப் போக அதன் எடைப்பெட்டி நகர்ந்து வந்து மண்ணில் அழுத்தும், கடைசி நூறு அடியில்தான் யார் யார் என்று தெரியும். என் எஞ்சின் இருநூறு அடிவரை குரலே மாற்றவில்லை. இருநூற்று இருபதில் தாழ்ந்து உறுமியது, ஆனால் மூச்சு வாங்கவில்லை. அது வாங்காது, நான் பூட்டியது. இருநூற்று அறுபதில் பின்சக்கரங்கள் வழுக்கின. எஞ்சின் கேட்ட அளவு சக்தி தந்தது. அதை மண்ணில் ஊன்றத்தான் எடை இல்லை. சக்கரம் இரண்டும் சுற்றிச் சுற்றித் தங்களுக்குக் குழி தோண்டின. இருநூற்று அறுபத்திரண்டு அடி. வெர்லின் எஞ்சினை அணைத்துவிட்டு இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தான். இறங்குவதற்குக் கேலன் தோள் கொடுக்க வேண்டியிருந்தது.

"எஞ்சின் அருமை" என்றான் என்னிடம்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

திங்கட்கிழமை காலை பெட்ரோல் பங்கில் அவன் நிறுத்தச் சொல்லவில்லை. கிளினிக்கில் தராசின் முன் நின்று அவன் தானாகவே பூட்ஸைக் கழற்றினான். பெல்ட்டைக் கழற்றினான். சாவிக்கொத்து, பேனாக்கத்தி, கைக்குட்டை, சில்லறை எல்லாவற்றையும் எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு, கால்சட்டைப் பையின் உட்பக்கத்தை வெளியே இழுத்துக் காட்டினான்.

"கைக்குட்டை எல்லாம் எடையே இல்லீங்க" என்றாள் நர்ஸ்.

"எல்லாம் எடைதாம்மா."

நூற்று எழுபத்திரண்டு. நர்ஸ் எழுதியதைப் பார்த்தாள், முந்தின தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் துணிப்பையைக் கொண்டுபோயிருந்தேன். திறந்து காட்டினேன். அவள் டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டாள்.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றே படம் எடுத்தார்கள். கட்டி வளர்ந்திருக்கிறது, ஆனால் இன்னும் ஓரிடத்தில்தான் இருக்கிறது, அறுக்கலாம் என்றார். நான் அவசரமாக எழுந்தேன்.

"அப்ப இன்னைக்கே சேத்துடுங்க. நான் துணிமணி கொண்டுவந்திருக்கேன்."

"சேக்கறேன். ஆனா அறுக்க முடியாது."

"ஏன்?"

"இந்த உடம்பு தாங்காதும்மா. சதையே இல்ல. மார்ச்சுல இருந்த உடம்புன்னா நாளைக்கே கத்தி வெச்சிருப்பேன். இப்ப மூக்கு வழியா குழாய் போட்டு சத்து ஏத்தி, கொஞ்சம் தேத்திட்டுத்தான் தொட முடியும். அதுக்குள்ள கட்டி நகராம இருக்கணும்."

வெர்லின் உள்பனியனோடு உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

"உங்க வகுப்புல சேரணும்னா எவ்வளவு வேணும் டாக்டர்?"

"நூத்தி எண்பது."

அவன் என் பக்கம் திரும்பினான். கை என் கையைத் தேடியது. கொடுத்தேன். எவ்வளவு கோபம் இருந்தாலும் அது என் கைதானே.

"எட்டு பவுண்டு லவோன்" என்றான். "நீதான் கணக்குல புலியாச்சே."

கணக்கு எனக்கு எப்போதோ வந்துவிட்டது. எட்டு பவுண்டு. இரும்பாக இருந்தால் ஒரே நிமிடத்தில் மாட்டிவிட்டிருப்பேன்.